அக்கா அழித்த வரி

எங்கள் அலுவலகத்தில் டெஸ்டிங் பார்த்த அக்கா, தான் எழுதிவைத்திருந்த ஒரு வரியை ஏன் அழித்தார்? நான்கு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஒரு பதில் சரியென்று தோன்றுகிறது. வாய் துடைத்துவிட்டு எழுவதற்குள் அதற்கு நேர்மாறான பதில் சரியென்று தோன்றிவிடுகிறது. எனக்கு எதையுமே இரண்டு முறை பார்க்கும் பழக்கம் உண்டு. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா என் மகளின் எடையை ஏழு கிலோ நானூற்று அறுபது என்று பார்த்துவிட்டு, "ஏழரைன்னு போட்டுக்கம்மா" என்றபோது, அந்த நாற்பது கிராமை நினைத்து ஒரு வாரம் கவலைப்பட்டவள் நான். அப்படிப்பட்டவள், பார்க்க வேண்டிய ஒன்றை ஒரு முறைகூடப் பார்க்காமல், பார்த்துவிட்டேன் என்று ஒருநாள் சொன்னேன். அந்த நாளையும் அந்த அக்காவையும் பற்றித்தான் எழுத வந்தேன்.

அக்காவை நினைத்தால் அவருடைய மானிட்டரில் இருந்த நட்சத்திரம்தான் முதலில் வருகிறது. புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மோட்டார் ரிவைண்டிங் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே மோட்டாருக்கு வார்னிஷ் அடித்தால் மேலே எங்கள் சாம்பார் சாதத்துக்கு அந்த வாசனை வந்துவிடும். மொத்தம் எட்டுப் பேர். சர்க்யூட் போர்டு வரைவதற்கான மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. மிக்சிக்குள், டிவிக்குள் பச்சையாக ஒரு பலகை இருக்குமே, அதில் எந்த மின்வழி எங்கே போக வேண்டும், பலகையின் ஓரம் எங்கே வெட்டப்பட வேண்டும் என்பதையெல்லாம் முதலில் கணினியில் வரைந்து, அந்தக் கோப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அந்த வரைதலுக்குள் இருக்கும் வடிவக்கணிதம் என் பொறுப்பு. இரண்டு கோடுகள் சந்திக்கின்றனவா இல்லையா, ஒரு வளைவு எங்கே முடிகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் கத்தாரில் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். நான் பி.இ. இந்த வித்தியாசத்தை அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நாற்காலிகளுக்குத் தெரிந்திருந்தது. டெவலப்பர்களுக்குச் சாய்ந்துகொள்ளும் நாற்காலி, டெஸ்டிங்குக்குச் சாயாத நாற்காலி. அக்கா அதற்கு ஒரு தலையணை கொண்டுவந்து கட்டியிருந்தார். எனக்கு அவர் 'அக்கா', அவருக்கு நான் 'இன்ஜினியரம்மா'. கேலிதான். ஆனாலும் வாங்க, போங்க என்பதை அவர் கடைசிவரை விடவில்லை.

அவருடைய வேலை முறை விசித்திரமானது. நாங்கள் ஒரு பிழையைச் சரிசெய்தால், என்ன செய்தோம் என்று பிழைப் பதிவில் எழுதி அவருக்கு அனுப்புவோம். அவர் அதைப் படிக்கவே மாட்டார். முதலில் மென்பொருளைத் திறந்து, அவசரத்தில் இருப்பவர்போல இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்து, போர்டில் வைக்கும் பாகங்களைச் சுற்றிவிட்டு, தலைகீழாகத் திருப்பி, வேண்டுமென்றே தப்பாக அழுத்திப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் குறிப்பைப் படிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க எழுதினத மொதல்ல படிச்சிட்டா, அப்புறம் எனக்கும் அதுதாங்க தெரியும்" என்றார். எனக்கு அப்போது அது நேரத்தை வீணாக்குவதாகப்பட்டது. மத்தியானம் அவருடைய டப்பாவிலிருந்து கோட்டைப்பட்டினத்து மீன் குழம்பை எடுத்து என் சோற்றில் ஊற்றிக்கொண்டே, "ஒரு தடவையாவது நம்பித்தான் பாருங்களேன்க்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

நான் ஆறு மாதம் கர்ப்பமாக இருந்த கார்த்திகையில் அந்த நட்சத்திரம் வந்தது. அக்கா கிறித்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மூங்கில் பிளாச்சில் காகிதம் ஒட்டி நட்சத்திரம் தொங்கவிடும் வீடு. இந்த வருடம் நட்சத்திர வடிவத்திலேயே ஒரு சர்க்யூட் போர்டு வெட்டி, அதில் சின்னச் சின்ன எல்.இ.டி. வைத்து மாட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சோதனைக்குச் சோதனையும் ஆயிற்று என்று, நிறுவனத்தை நடத்தும் சாரிடம் அனுமதி வாங்கி, எங்கள் மென்பொருளிலேயே வரைந்தார். ஒரு முனையை மட்டும் வரைந்து, அதை நகலெடுத்து எழுபத்திரண்டு டிகிரி திருப்பி, அந்த நகலை மறுபடி நகலெடுத்துத் திருப்பி, இப்படி ஐந்து முனை.

"இன்ஜினியரம்மா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க. ஒங்க சாப்ட்வேரு ஸ்டாரை மூட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். 'எல்லைக்கோடு மூடவில்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. திரையில் பார்த்தால் அழகாக மூடித்தான் இருந்தது.

"கண்ணுக்கே தெரியலைல்லக்கா? தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. விடுங்க. யாரு பாக்கப் போறா?"

"நான் எங்கங்க பாத்தேன்? ஒங்க சாப்ட்வேருதான் பாத்துப்புட்டு மூடலைங்குது. யாரு பாக்கப் போறான்னு அதுக்கிட்டச் சொல்லுங்க."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து சார் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் மென்பொருளில் எல்லா இடங்களும் முழு எண்ணாகத்தான் பதிவாகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துணுக்காகப் பிரித்து, எத்தனை துணுக்கு என்று எண்ணி வைப்போம். நேர்க்கோடாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஒன்றைச் சாய்வாகத் திருப்பினால் விடை பின்னமாக வரும். பின்னத்தை வைத்துக்கொள்ள இடமில்லாததால் பக்கத்திலிருக்கும் முழு எண்ணுக்கு மாற்றிவிடுவோம். ஒரு முறை என்றால் ஒன்றும் ஆகாது. மாற்றியதையே எடுத்துத் திருப்பி, அதையும் மாற்றி, அதையே எடுத்து மறுபடி திருப்பினால், விட்டுப்போன பின்னங்கள் சேர்ந்துகொண்டே வரும். ஐந்தாவது முனை, முதல் முனை தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும், ஆனால் வந்து சேராது. சரியான வழி, ஒவ்வொரு முனையையும் முந்தைய நகலிலிருந்து கணக்கிடாமல், அக்கா முதலில் வரைந்த முனையிலிருந்தே கணக்கிடுவது. அதன் பிறகும் மிஞ்சும் ஒன்றிரண்டு துணுக்குக்கு மட்டும் சிறு சலுகை தரலாம். ஆனால் அதற்கு நகல்களைப் பதிவுசெய்யும் முறையையே மாற்ற வேண்டும். மூன்று வார வேலை. எனக்கு அலுவலகத்தில் மிச்சம் இருந்தது ஒன்பது நாள். பிறகு வளைகாப்பு, அது முடிந்ததும் பொன்னமராவதியில் அம்மா வீடு.

அதனால் சலுகையை மட்டும் கூட்டினேன். இரண்டு புள்ளிகள் இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் அவை ஒன்றேதான் என்று வைத்துக்கொள், தொழிற்சாலைக்குக் கோப்பு எழுதும்போது சேர்த்துவிடு என்று ஒரு வரி. நட்சத்திரம் மூடிக்கொண்டது. வெளியிலிருந்து வாங்கிய பழைய வரைபடங்கள் சில மூடவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சோதனைப் பட்டியல் முழுக்கப் பச்சையாகும்வரை கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக நின்றது. போர்டின் ஓரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் நான் அந்த வரியை எழுதிய இடம், ஓரத்துக்கு மட்டுமல்லாமல் போர்டின் மேல் மின்சாரம் ஓடும் செம்புப் பகுதிகளுக்கும் பொதுவான இடம். செம்பில் அவ்வளவு இடைவெளி விட்டு இரண்டு மூலைகள் எதிரெதிரே இருந்தால், அந்த இரண்டையும் சேர்த்துவிடும். சேர்ந்தால் ஷார்ட். இதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் முழு உண்மையாகாது. ஒரு கணம் தோன்றியது. பிறகு அம்மா போன் செய்தார், வளையல் எத்தனை டஜன் வாங்குவது என்று.

கடைசி நாள் மாலை. என் கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருந்தது. அழைத்துப்போக வந்த அம்மா மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "வளைகாப்பு அன்னிக்கு ஞாயித்துக்கெழம, எங்களுக்குப் பூசை இருக்கு, வர முடியாது. இப்பவே போட்டு விட்டுர்றேன்" என்று பச்சையும் சிவப்புமாக ஆறு கண்ணாடி வளையல்களை என் கையில் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்ஜினியரம்மா, ஒரு பழைய போர்டுல கோப்பு எழுதிப் பாத்தேன். ரெண்டு காப்பர் மூலை ஒட்டுற மாதிரி தெரியுது."

"அது ஸ்க்ரீன்ல அப்படித்தான்க்கா தெரியும். கோட்டைக் கொஞ்சம் தடிமனா வரையும். கோப்புல ஒட்டாது."

"பாத்துட்டுத்தானே சொல்றீங்க?"

"பாத்துட்டேன்க்கா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "சரி, கெளம்புங்க. அம்மா எம்புட்டு நேரமா நிக்கிறாக" என்றார். அவ்வளவுதான். யாருடைய பேச்சையும் முன்கூட்டிக் கேட்காதவர் அன்று என் பேச்சைக் கேட்டார். நான் அந்தப் போர்டைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

டிசம்பரில் நட்சத்திரம் எரியும் படத்தை அக்கா எனக்கு அனுப்பினார். ஐந்து முனையும் மூடிய, மஞ்சள் விளக்கு நட்சத்திரம். அம்மாவிடம் காட்டி, இது என்னால்தான் மூடியது என்று பெருமையடித்தேன்.

மகள் பிறந்த ஒன்பதாம் நாள் சார் போன் செய்தார். வாழ்த்தினார். பிறகு, மோட்டார் ஸ்டார்ட்டருக்கு போர்டு செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் புதிய பதிப்பால் ஒரு பேட்ச் முழுக்க ஷார்ட் ஆகிவிட்டது என்றார். "ரெண்டு மூலை ஒட்டியிருக்கும்மா" என்றதுமே எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "டெஸ்டிங்ல விட்டுட்டாங்க. 'பார்த்தேன், சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்காங்க. அத நாங்க பாத்துக்கிறோம். நீங்க பிள்ளையப் பாருங்க." நான் "சரி சார்" என்றேன். குழந்தை அழுதது. அழாமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் போன் செய்தபோது, "தெனம் பஸ்ஸுல வந்து போறது ஒத்து வரலங்க, நானே நின்னுக்கிட்டேன்" என்றார். இப்போது அறந்தாங்கியில், சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் உட்கார்கிறார். மகளுக்கு மூன்று மாதமானபோது பஸ் மாறிப் பொன்னமராவதிக்கு வந்து பார்த்தார். தானே பின்னிய ஒரு குல்லாய் கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். என் மகள் அவர் மடியில் தூங்கிப்போனாள். அலுவலகம் பற்றிப் பேசலாம் என்று, "அக்கா, அந்த போர்டு..." என்று தொடங்கினேன். "பால் பத்துதா? அத மொதல்ல பாருங்க. போர்டு கெடக்கு" என்றார். நான் விட்டுவிட்டேன். எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சார் போனில் சுருக்கிச் சொல்லியிருப்பார், அக்கா நடந்ததை நடந்தபடியே எழுதியிருப்பார், சார் அதைப் படித்துவிட்டும் டெஸ்டிங்கின் மேல் போட்டுவிட்டார், பெரியவர்கள் எடுத்த முடிவு. இந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் தூங்கினேன்.

இப்போது புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது. நான்கு மாதத்துக்கு முன்பு, நகலெடுத்துத் திருப்பும் பகுதியைச் சரியான முறையில் திருத்தும் வேலை என்னிடமே வந்தது. பழைய பிழைப் பதிவைத் திறந்தேன். அக்கா எழுதியது அதில் ஒரே வரிதான்: "பார்த்தேன். சரியாக உள்ளது." அதற்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில், திருத்தப்பட்டது என்று இருந்தது. அதை அழுத்தினால் முதலில் எழுதியிருந்தது வரும். வந்தது. "செம்பு மூலைகள் ஒட்டுவதுபோல் தெரிகிறது. டெவலப்பரிடம் கேட்டேன். கோப்பில் ஒட்டாது, பார்த்துவிட்டதாகச் சொன்னார்." அதை அழித்துவிட்டுத்தான் 'சரியாக உள்ளது' என்று எழுதியிருக்கிறார். திருத்திய நாள், சார் எனக்குப் போன் செய்ததற்கு முந்தைய நாள். என் மகள் பிறந்த எட்டாம் நாள்.

மடியில் இருந்த மகள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

பச்சை உடம்புக்காரியைக் காப்பாற்ற நினைத்தாரா? அப்படித்தான் முதலில் நினைத்தேன், அழுதேன். மறுநாள் வேறு தோன்றியது. கேட்டுவிட்டு விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தது அவருக்கே வெட்கமாகிவிட்டதோ? யார் குறிப்பையும் முன்னால் படிக்காதவர், ஒருத்தி வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டதை யாரும் பார்க்கக் கூடாது என்று அழித்தாரோ? இரண்டுமே இல்லாமல், சொன்னால் மட்டும் பி.இ.க்காரியை விட்டுவிட்டு டிப்ளமோக்காரி பேச்சையா கேட்கப்போகிறார்கள் என்று வெறுத்துப்போய் அழித்தாரோ? மூன்றில் எது என்று தெரியாமல், கணக்கை மட்டும் சரிசெய்தேன். இப்போது எத்தனை முறை திருப்பினாலும் முதலில் வரைந்ததிலிருந்தே கணக்கிடுகிறது. செம்புக்கும் ஓரத்துக்கும் தனித்தனி இடம். 'காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, சோதித்துப் பார்க்காமல் பதில் சொன்னேன் என்றும் எழுதினேன்.

அது போதாது என்று பட்டது. அலுவலகத்தில் டெஸ்டிங்குக்கு மறுபடி ஆள் தேடுகிறார்கள். சாரிடம் வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்பவே கேட்டேம்மா. நானே பாத்துத்தான் பாஸ் பண்ணேன் சார்னு எம் மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க" என்றார். அவரை நம்பவைக்க, அழித்த வரியைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்ச நேரம் படித்தார். "அப்ப பதிவையும் மாத்தியிருக்காங்க. இது அதவிடப் பெரிய தப்புல்ல?" என்றார். நான் திகைத்துப்போய் ஏதோ பேசினேன். கடைசியில் இறங்கி வந்தார். "அவங்களே வந்து, இன்னதுக்காக மாத்தினேன்னு சொல்லட்டும். நியாயமா இருந்தா மறுநாளே சேத்துக்கிறேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள ஆள் எடுத்தாகணும்."

ஆக, அக்காவுக்கு வேலையும் பெயரும் திரும்ப வேண்டுமானால், அந்த வரியை நான் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். என் கணவர், "பொய் சொன்னதுக்கு மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வந்துரு, அந்த வரியப் பத்திப் பேசாத" என்கிறார். பேசாவிட்டால் அவர் பெயர் அப்படியே கிடக்கும். பேசினால், எனக்காகச் செய்திருந்தால் அதை நானே போய் உடைத்ததாகும். வெட்கப்பட்டுச் செய்திருந்தால், ஒளித்து வைத்ததை எடுத்துவந்து அவர் முன்னாலேயே விரித்ததாகும்.

வரும் சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஏறுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த முடிவை இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டேன், இனி மாற்ற மாட்டேன். கதவைத் திறந்ததும் அக்கா, "வாங்க வாங்க, பிள்ளைக்கு என்ன தரட்டும்?" என்றுதான் கேட்பார் என்று தெரியும். அவள் எதையாவது கடித்துக்கொண்டு கொஞ்சம் அமைதியாவாள். அப்போது நான் பேச வேண்டும். உங்களில் யாராவது இப்படி ஒருவர் எதிரில் போய் உட்கார்ந்திருப்பீர்கள், அவர் மறைத்தது எதற்காக என்று தெரியாமலே. முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள்? அதைக் கேட்டு அவர் முகம் எப்படி ஆனது? சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.